கிராமத்து முதியோரின் அன்றாடச் செயலிழப்பை எப்படிக் கேட்டறிவது?

கேள்வி – ஊராட்சித் தன்னார்வலர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊராட்சியில் அறுபது வயதைக் கடந்தோரின் நிலையை வீடு வீடாகச் சென்று பதிவு செய்து வருகிறோம். அன்றாடச் செயல்களைத் தாமே செய்ய முடிகிறதா என்று மதிப்பிட 1963-இல் வெளியான காட்ஸ் பட்டியலின்படி குளித்தல், உடுத்துதல், கழிப்பறைக்குச் செல்லுதல், எழுந்து இடம் மாறுதல், சிறுநீர் மலத்தை அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறையும் கேட்கிறோம். ஏறத்தாழ எல்லோரும் "எனக்கென்ன குறை" என்றே சொல்கிறார்கள். ஆனால் அப்படிச் சொல்லும் மூதாட்டியே திண்ணையிலிருந்து எழுவதற்குத் தூணைப் பிடித்துக்கொண்டு தடுமாறுகிறார். கேள்வியை எப்படி மாற்றலாம்?

பதில் – இயன்முறை மருத்துவர்:
"முடியுமா?" என்று கேட்டால் தன்மானம் உள்ள எவரும் "முடியும்" என்றுதான் சொல்வார். "இன்று காலை எங்கே குளித்தீர்கள், தண்ணீரை யார் எடுத்து வைத்தார்கள்?" என்று நடந்ததைக் கேளுங்கள். அத்துடன், நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமரச் சொல்லி நேரம் பாருங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால், அவர் கீழே விழும் அபாயத்தில் இருப்பதாகக் கருத வேண்டும். நம் ஊர்களில் பலர் தரையில் அமர்ந்தே உண்பதாலும், குந்தி அமரும் கழிப்பறையையே பயன்படுத்துவதாலும், தரையிலிருந்து எழுவதைத் தனியாகக் குறித்துக்கொள்வது மிக அவசியம் என்பது என் கருத்து. அப்போது ஒருவர் அருகில் நிற்கட்டும்.

பதில் – ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்:
லாட்டன், பிராடி என்ற ஆய்வாளர்கள் 1969-இல் தந்த பட்டியலையும் சேர்த்துக்கொள்ளலாம். அதில் தொலைபேசி, கடைக்குச் செல்லுதல், சமையல், மருந்து உட்கொள்ளுதல், பணக் கணக்கு முதலிய எட்டுச் செயல்கள் உள்ளன. ஆனால் வாழ்நாளில் அடுப்படிக்கே போகாத ஒரு தாத்தாவைச் சமைக்க இயலாதவர் என்று எழுதிவிடக் கூடாது. "முன்பு செய்த எந்த வேலையை விட்டுவிட்டீர்கள், ஏன்?" என்று கேட்டால், பேருந்துப் படி ஏற முடியாததால் மருத்துவமனைக்குப் போவதையே நிறுத்தியது போன்ற உண்மைகள் வெளிவரும். சிறுநீர்க் கசிவைப் பற்றி, மகனோ மருமகளோ உடன் இல்லாத நேரத்தில், பெண்ணிடம் பெண்ணே கேட்க வேண்டும். அதை மறைப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சிரமம் இருப்பதாகத் தெரிந்தபின் யாரிடம் சொல்வது?

பதில் – செவிலியர்:
முதலில் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். கண்புரையால் முடங்கியவருக்கு அறுவை சிகிச்சை போதும். மூட்டு வலிக்குப் பயிற்சி தேவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் அளிக்கும் ஏற்பாடு உண்டு. அதற்கான களப் பணியாளரிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுங்கள். கைத்தடி, வாக்கர், காதுக் கருவி போன்றவற்றை ஏழை முதியோருக்கு இலவசமாகத் தரும் மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் நடைமுறையில் உள்ளது. "வயசானால் அப்படித்தான்" என்று வீட்டார் சொல்வதை மட்டும் காரணமாகப் படிவத்தில் எழுதிவிடாதீர்கள்.