'நாம்' என்று அவர் சொன்ன இரவு

அன்பர்களுக்கு வணக்கம். ஒரு நாடே துக்கத்தில் இருக்கும் நேரத்தில், இரவுதோறும் அரசியலைக் கேலி செய்து நம்மைச் சிரிக்கவைத்த தொலைக்காட்சிக் கலைஞர் ஒருவர் கேலியை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசியதை, அது ஒளிபரப்பான அன்றே பார்த்தவர்கள் நம்மில் சிலர் இருப்பீர்கள். அப்போது உங்களுக்குள் என்ன நிகழ்ந்தது என்று எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். என் அனுபவத்தை முதலில் சொல்கிறேன்.

2001-ஆம் ஆண்டு நான், நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் உள்ள ஜெர்சி சிட்டியில் மூன்று நண்பர்களோடு தங்கி, ஒப்பந்த அடிப்படையில் மென்பொருள் வேலை பார்த்துவந்தேன். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, எங்கள் ஊரிலிருந்து உலக வர்த்தக மையத்துக்குச் சென்றுவந்த பாத் ரயில் நின்றுபோனது. காற்று எங்கள் பக்கம் திரும்பிய நாள்களில் கருகல் நெடி ஹட்சன் ஆற்றைக் கடந்து சன்னல்வரை வந்தது. 15-ஆம் தேதி அரிசோனாவின் மேசா நகரில், தலைப்பாகை கட்டிய சீக்கியர் ஒருவர் தம்முடைய பெட்ரோல் நிலையத்துக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தி வந்த இரவிலேயே எங்களில் தாடி வைத்திருந்த நண்பர் அதை மழித்துவிட்டார். யாரும் அவரிடம் காரணம் கேட்கவில்லை. ஊரிலிருந்து அம்மா நாள்தோறும் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரித்தார். ஆனால் நான் வாழ்ந்துகொண்டிருந்த நாட்டில், அந்த ஒன்பது நாள்களில், ஒருவர்கூட என்னிடம் நலம் கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவரவர் துயரமே அவரவர் தாங்கும் அளவை மீறியிருந்தது.

20-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு அதிபர் புஷ் நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் உரையாற்றினார். இஸ்லாமியர்களைப் பகைவர்களாகக் கருதக் கூடாது என்று அவர் அந்த உரையில் தெளிவாகவே சொன்னார். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. ஆயினும் என் மனத்தில் தங்கியது, உலக நாடுகள் எங்களோடு இருக்கின்றனவா, பயங்கரவாதிகளோடு இருக்கின்றனவா என்று முடிவு செய்ய வேண்டும் என்ற வாக்கியம்தான். ஆங்கிலத்தில் அவர் சொன்னது 'us' என்ற ஒரே ஒரு சிறிய சொல். நமக்கோ 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது முதலாவது. கேட்பவரை வாசலுக்கு வெளியே நிறுத்துவது இரண்டாவது. அன்றைய மனநிலையில் அதிபரின் சொல் என் காதில் 'எங்களோடு' என்றே விழுந்தது.

அடுத்த இரண்டு மணி நேரம் யாரும் தொலைக்காட்சியை அணைக்கவில்லை. பதினொரு மணிக்குக் காமெடி சென்ட்ரல் அலைவரிசையில், நான் தொடக்கத்தில் சொன்ன கலைஞர் ஜான் ஸ்டூவர்ட் வந்தார். தாக்குதலுக்குப் பிறகு அவருடைய தி டெய்லி ஷோ நிகழ்ச்சி திரும்பிய முதல் நாள் அது. அவர் முதலில் செய்தது, வீட்டிலிருந்து பார்ப்பவர்களிடம் 'நலமாக இருக்கிறீர்களா' என்று கேட்டதுதான். செப்டம்பர் 11 முதல் தமக்குத் தெரிந்த ஒவ்வொருவரிடமும் அதையேதான் கேட்டுவருவதாகச் சொன்னார். கேட்கும்போதே குரல் தழுதழுத்தது. நான் அழுதது அந்தக் கேள்விக்காகத்தான் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அந்தப் பேச்சின் பல பகுதிகள் எனக்கு இன்றும் நினைவில் இருக்கின்றன. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது தாம் ஐந்து வயதுச் சிறுவனாகப் பள்ளியில் இருந்ததையும், விளக்கை அணைத்துப் பிள்ளைகளை மேசைக்கு அடியில் உட்காரவைத்ததையும், காரணம் புரியாமல் அது அவர்களுக்கு விளையாட்டாகத் தோன்றியதையும் சொன்னார். அழிப்பதை எந்த மூடனும் செய்துவிட முடியும், இடிபாடுகளைக் கையால் அள்ளிக்கொண்டிருக்கும் தீயணைப்பு வீரர்களையும் காவலர்களையும் மற்றவர்களையும் பாருங்கள் என்ற பொருளில் பேசி, அவர்களுடைய தோலின் நிறத்தை யாரும் பார்க்கவில்லை, கிங் கண்ட கனவு அங்கே நனவாகியிருக்கிறது என்றார். தம் வீட்டிலிருந்து தெரிந்த உலக வர்த்தக மையம் இப்போது இல்லை, அந்த இடத்தில் சுதந்திர தேவி சிலை தெரிகிறது என்று முடித்தார். இவ்வளவு நேரமும் தம்மைத் தேற்றிக்கொள்ள முடியாமல் பலமுறை நிறுத்தினார். நிகழ்ச்சியில் ஒரு நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

தோலின் நிறத்தைப் பற்றிய அந்த வாக்கியத்தை நான் முழுமையாக நம்பினேனா என்றால், இல்லை. தாடியை மழித்த நண்பர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் ஸ்டூவர்ட் சொன்னது 'நாம்' என்றே எனக்குக் கேட்டது. அவர் அப்படி நினைத்துத்தான் சொன்னாரா என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக யோசித்துவருகிறேன். உங்களுக்கு எப்படிக் கேட்டது?

*

நண்பரே, நான் அப்போது நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் இருந்தேன். நீங்கள் பார்த்ததற்கு மூன்று நாள் முன்பே, 17-ஆம் தேதி, இன்னொரு இரவு நிகழ்ச்சி நடத்துநரான டேவிட் லெட்டர்மேன் பிராட்வேயில் உள்ள எட் சல்லிவன் அரங்கிலிருந்து பேசியதைப் பார்த்தேன். வழக்கமான தொடக்க ஆரவாரமும் இசையும் இல்லாமல் நேரே மேசையில் அமர்ந்து, பேசத் தெரியாதவரைப் போல அடிக்கடி நிறுத்தி நிறுத்திப் பேசினார். நியூயார்க் மேயரைப் பாராட்டியதும், துணிவோடு இருப்பது ஒன்றே நம்மிடம் எதிர்பார்க்கப்படுவது என்றதும் பிறருக்கு ஆறுதல் தந்திருக்கலாம். என்னை அசைத்தது வேறு.

மொன்டானாவில் சோட்டோ என்ற சிற்றூரைப் பற்றிச் சொன்னார். உழவர்களும் கால்நடை வளர்ப்பவர்களும் வாழும் இடம். தொடர்ந்து மழை பொய்த்து நொடித்துக் கிடந்த ஊர். அந்த மக்கள் ஓரிடத்தில் கூடி, நியூயார்க்குக்காகப் பணம் திரட்டியிருந்தார்கள். அதற்கு மேல் அவர் விளக்கம் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. தாமே வறட்சியில் இருக்கும் மக்கள் கண்ணால் கண்டிராத நகரத்துக்காக எதையோ முடிந்து அனுப்புகிறார்கள் என்பது, மானாவாரி நிலத்தை நம்பிய குடும்பத்தில் பிறந்த எனக்கு உடனே புரிந்தது. அதன் பிறகு செய்தியாளர் டான் ராதர் விருந்தினராக வந்து பேச்சின் நடுவே உடைந்து அழுதார். லெட்டர்மேன் அவருடைய கையைப் பற்றிக்கொண்டார். நான் அழவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாகக் குருதிக்கொடை நிலையத்துக்குச் சென்றேன். அப்போதைக்கு இரத்தம் போதும் என்று சொல்லிப் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு அனுப்பிவைத்தார்கள்.

*

மேலே இருவரும் கண்ணீரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதே 17-ஆம் தேதி இரவு ஏபிசியில் பில் மாஹர் நடத்திய விவாத நிகழ்ச்சியையும் நினைவுகூர வேண்டும். விமானம் கட்டடத்தில் மோதும்வரை உள்ளேயே இருந்த கடத்தல்காரர்களை வேறு எப்படி அழைத்தாலும் கோழைகள் என்று அழைக்க முடியாது என்றும், 2,000 மைல் தொலைவிலிருந்து அமெரிக்கா ஏவுகணை வீசுவதுதான் கோழைத்தனம் என்றும் அவர் பேசினார். விளம்பரதாரர்கள் விலகினார்கள். மக்கள் தாங்கள் பேசுவதில் கவனமாக இருக்க வேண்டும் என்று வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளர் எச்சரித்தார். 2002-ஆம் ஆண்டில் நிகழ்ச்சியே நின்றுபோனது.

அவர் பேசியது சரியென்று நான் வாதிடவில்லை; பிணங்களை மீட்டு முடிக்காத வாரத்தில் அந்தச் சொற்கள் எனக்கும் கசந்தன. ஆனால் 'நாம்', 'நாங்கள்' என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அவர் நினைவுதான் வந்தது. அந்த மண்ணிலேயே பிறந்து, அந்த மொழியிலேயே பிழைப்பவரையும் ஒரே வாக்கியத்துக்காக வாசலுக்கு வெளியே நிறுத்த முடிந்தது. வேலை விசாவில் இருந்த நான் அன்று முதல் அலுவலக உணவறையில் வானிலையைத் தவிர எதையும் பேசவில்லை.

*

நான் உங்களுக்கெல்லாம் இளையவள். 2015-இல் தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். ஜூன் 17 மாலை, சார்ல்ஸ்டனில் உள்ள இமானுவேல் ஏ.எம்.இ. என்ற கறுப்பின மக்களின் தேவாலயத்தில், விவிலிய வகுப்புக்கு வந்தவனைப் புதியவன் என்றும் பாராமல் வரவேற்று அமரவைத்தவர்களில் ஒன்பது பேரை அவன் சுட்டுக் கொன்றான். அனைவரும் கறுப்பினத்தவர். மறுநாள் இரவு ஸ்டூவர்ட் தம்மிடம் நகைச்சுவை எதுவும் இல்லை என்று சொல்லித் தொடங்கினார். அன்றைய விருந்தினர் மலாலா யூசுஃப்சாய் என்பதால் ஓரளவாவது நம்பிக்கையோடு நிகழ்ச்சியை முடிக்கலாம் என்றார்.

என் ஆய்வகத் தோழி கறுப்பினத்தைச் சேர்ந்தவர். சார்ல்ஸ்டனுக்கு அருகில் வளர்ந்தவர். அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் ஆய்வகத்தில் என் மடிக்கணினியில் பார்த்தோம். எனக்கு அது நேர்மையான பேச்சாகவே பட்டது. வெளிநாட்டவர் நம்மைக் கொல்வார்கள் என்ற அச்சத்தில் எவ்வளவு செய்யத் துணிகிறோம், நம்மை நாமே கொன்றுகொள்ளும்போது எவ்வளவு எளிதாக விட்டுவிடுகிறோம் என்று அவர் ஒப்பிட்டார். அடிமைமுறையைக் காக்க உள்நாட்டுப் போரில் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் படைத்தலைவர்களுடைய பெயர் தாங்கிய சாலைகளில் கறுப்பின மக்கள் வண்டி ஓட்ட வேண்டியிருப்பதைச் சொன்னார். இத்தனைக்குப் பிறகும் எதுவும் செய்யப்போவதில்லை என்று கசப்போடு கூறினார்.

தோழி கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார். முடிந்ததும், 'இவருக்கு இன்றைக்குத்தான் நகைச்சுவை வற்றியதா?' என்று கேட்டார். பிறகு இன்னொன்றும் சொன்னார். 'நம்மை நாமே' என்று அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியாது, இது எங்களுக்கு நாங்களே செய்துகொண்டது அல்ல, எங்களுக்குச் செய்யப்பட்டது என்றார். அவர் கோபமாகப் பேசவில்லை. பலமுறை சொல்லிச் சலித்த ஒன்றை மறுபடி சொல்வதுபோல் இருந்தது.

அப்போது நான் அவருக்குத் தமிழின் இந்த இரண்டு சொற்களையும் விளக்கினேன். கரும்பலகையில் எழுதியும் காட்டினேன். அவருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. சற்று நேரம் பலகையையே பார்த்துவிட்டு, 'சரி, தேவாலயத்தில் நடந்ததைப் பற்றி நீ பேசினால் இதில் எதைச் சொல்வாய்?' என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. 'நாங்கள்' என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. 'நாம்' என்றால், சுடப்பட்டவர்களோடு சேர்கிறேனா, மாநில மாளிகை வளாகத்தில் கூட்டமைப்புக் கொடி பறப்பதை நான்கு ஆண்டுகளாகக் கடந்துபோயும் ஒரு சொல் பேசாதவர்களோடு சேர்கிறேனா? உண்மையில் நான் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவள். அந்த வாரம் தேசியக் கொடியும் மாநிலக் கொடியும் அரைக்கம்பத்தில் இறக்கப்பட்டிருந்தபோது அந்தக் கொடி மட்டும் உச்சியிலேயே பறந்ததை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன்.

எதுவும் மாறாது என்று ஸ்டூவர்ட் சொன்னதில் ஒரு சிறு பகுதி பொய்த்தது. ஜூன் 22 அன்று, பஞ்சாபிலிருந்து குடியேறியவர்களின் மகளான ஆளுநர் நிக்கி ஹேலி அந்தக் கொடியை அகற்றக் கோரினார்; ஜூலை 10 காலையில் அதை இறக்கினார்கள். தோழியும் நானும் கூட்டத்தோடு நின்று பார்த்தோம். 'சாலைகள் அப்படியேதான் இருக்கின்றன' என்று அவர் என் காதருகே சொன்னார்.

*

உங்கள் தோழியின் கேள்வியை எங்கள் மருத்துவமனையிலும் வேறு விதமாகக் கேட்டார்கள். நான் லாஸ் வேகாஸில் செவிலியர். 2017 அக்டோபர் 1 இரவு, திறந்தவெளி இசை விழாவில் இருந்தவர்கள் மீது ஓட்டலின் மேல்மாடியிலிருந்து ஒருவன் சுட்டான். அன்று 58 பேர் என்றார்கள். காயங்களால் பின்னாளில் இறந்தவர்களையும் சேர்த்து இப்போது 60 என்று கணக்கு. அந்த இரவைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

அடுத்த நாள் இரவு, தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஜிம்மி கிம்மல் தம் நிகழ்ச்சியில் பேசினார். லாஸ் வேகாஸ் அவர் வளர்ந்த ஊர். மீண்டும் இந்த நிலைக்கு வந்துவிட்டோம் என்று தொடங்கும்போதே அழுதுவிட்டார். பிறகு, துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும் ஏற்பாட்டைத் தோற்கடித்த செனட்டர்களின் முகங்களைத் திரையில் காட்டினார். எங்கள் ஓய்வறையில் அதுவரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்த மூத்த செவிலியர் அந்த இடத்தில் எழுந்து வெளியே போனார். துக்க வீட்டில் கட்சி பேசக் கூடாது என்பது அவருடைய எண்ணம். மற்றொருவரோ, இப்போது பேசாமல் எப்போது பேசுவது என்று கேட்டார். இருவருமே முந்தைய இரவு முழுவதும் உடையில் இரத்தக் கறையோடு என் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள். ஆகையால் யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல என் மனம் துணியவில்லை. கேட்டால், பேசியே ஆக வேண்டும் என்பதுதான் என் கருத்து. அதை அன்று நான் சொல்லவில்லை.

சுற்றுக்குப் போனபோது, இதய நோய்க்காக முன்பே சேர்ந்திருந்த ஒரு மூதாட்டியின் அறையிலும் அதே நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. நான் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது, 'இவன் நம் ஊர்ப் பையன்' என்றார். அந்த 'நம்' எனக்கும் சேர்த்துத்தான். நான் அந்த நகரத்துக்கு வந்து பதினான்கு மாதங்களே ஆகியிருந்தன. செனட்டர்களின் படங்கள் வந்ததும் அவர் ஒலியை முழுவதுமாகக் குறைத்துவிட்டார். ஆனால் அணைக்கவில்லை. கிம்மலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கருவியின் பட்டையைக் கழற்றிய பிறகும் என் கையை விடாததால், நிகழ்ச்சி முடியும்வரை நானும் அங்கேயே நின்றேன்.