வாக்கர் என்றால் நடப்பவர்தானா?

லீட்ஸ்வாசி:
பக்கத்து வீட்டுப் பெரியவரின் குடும்பப் பெயர் வாக்கர். மழையானாலும் பனியானாலும் காலையில் நாயோடு நடக்கக் கிளம்பிவிடுவார். "பெயருக்கேற்ற ஆள் நீங்கள்" என்றேன் ஒருநாள். "என் முன்னோர் நடந்தது தெருவில் இல்லை, தொட்டிக்குள்" என்றார். வேலியோரம் நின்று அரை மணி நேரம் கேட்டேன்.

நம் ஊர்ப் பருத்திச் சேலையைத் தறியிலிருந்து அறுத்ததும் மடித்து விற்கலாம். கம்பளி அப்படியில்லை. தறியை விட்டு இறங்கும்போது எண்ணெய்ப் பிசுக்கோடு, சல்லடை மாதிரி இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட சிறுநீரும் களிமண்ணும் சேர்த்து மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்களாம். சிறுநீரின் அமோனியா பிசுக்கை எடுக்கும். மிதிக்க மிதிக்கத் துணி சுருங்கி, இழைகள் பின்னிக்கொண்டு, குளிர் புகாத கனத்துக்கு வரும். பிறகு மரச்சட்டத்துக் கொக்கிகளில் மாட்டி இழுத்துக் காயவைப்பார்கள். அந்த மிதிகாரர்தான் வாக்கர். பழைய ஆங்கிலத்தில் 'வாக்' என்ற சொல்லின் மூலத்துக்கு உருட்டுவது, புரட்டுவது என்றே பொருள். நடப்பது என்ற பொருள் பின்னால் வந்தது.

நான் பிள்ளைகளோடு அடிக்கடி போகும் டெம்பிள் நியூசம் பூங்கா இருக்கிறதே, அந்த இடத்தில் தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடிய துணி மிதிக்கும் ஆலை ஒன்று 1185-இல் டெம்ப்ளர்கள் என்ற கிறிஸ்தவப் போர்வீரத் துறவிகள் எடுத்த சொத்துக் கணக்கிலேயே இருக்கிறது. காலுக்குப் பதில் மரச் சம்மட்டி வந்துவிட்டது, பெயர் போகவில்லை.

டெவன் மலர்:
அடடா, என் வார்டில் கூட வேலை பார்க்கிற அக்காவின் பெயர் டக்கர்! அதுவும் இதே தொழில்தான். இங்கே தென்மேற்கில் டக்கர், உங்கள் வடக்கில் வாக்கர், தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர். எக்ஸிட்டரில் டக்கர்ஸ் ஹால் என்று ஒரு கட்டடம், நெசவாளர்களும் துணி மிதிப்பவர்களும் சேர்ந்த சங்கத்துடையது, 1471-இல் கட்டியது. அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். கருவாலி மரக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி ரொம்ப நேரம் பேசாமல் நின்றார்.

குரோய்டன் அப்பா:
இதைப் படித்ததும் என் வீட்டு விஷயம்தான் நினைவுக்கு வந்தது. இங்கேயும் ஒரு காலத்தில் பெயர் ஆளோடு போயிற்று. துணி மிதித்தவன் வாக்கர், அவன் மகன் ரொட்டி சுட்டால் பேக்கர். பெரும்பாலான குடும்பங்களில் 1400-ஐ ஒட்டித்தான் அது பரம்பரைப் பெயராக நிலைத்தது. நமக்கு அப்பா பெயர்தானே இனிஷியல். நான் விசா படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதினேன். என் மகளுக்கும் அதுவே, போன மாதம் பிறந்த பேரனுக்கும் அதுவே. திருவாரூர் பக்கம் நெல் விதைத்த மனிதரின் பெயர் அது. பேரன் வளர்ந்ததும் அது யார் என்று சொல்ல, அப்பாவைப் பற்றி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.