உதவி: நான்கு பேர் விளையாடினால் நான்காவது மதகு மட்டும் திறக்கவில்லை

கடைமடைக்காரன் | வியாழன், இரவு 11.40
அவசரம். சனிக்கிழமை காலை கல்லூரிக் கண்காட்சி. ஐந்து பேர் சேர்ந்து, ஒரே திரையில் நான்கு பேர் விளையாடும் கேம் செய்திருக்கிறோம். குழுவுக்கு நான் பொறுப்பு. கல்லணையில் தண்ணீர் விட்டதும் ஆளுக்கொரு மதகை அழுத்திப் பிடித்துத் தம் வயலை நிரப்ப வேண்டும். மூன்று பேர் பிடித்திருக்கும்போது நான்காமவர் அழுத்தினால் மதகு அசைவதே இல்லை. வீட்டில் நன்றாக ஓடியது. மதகு நிரலை எழுதிய இரண்டாம் ஆண்டுத் தம்பியை இரண்டு முறை திருத்தச் சொன்னேன். தன் பக்கம் தவறில்லை என்கிறான். நேற்றிலிருந்து என்னிடம் பேசுவதும் இல்லை. என்ன செய்வது?

வெண்ணாற்றங்கரை | 11.52
எந்த கேம் எஞ்சின்? ஜாய்ஸ்டிக்கா, கீபோர்டா?

நள்ளிரவு நிரலர் | 11.58
எனக்கும் வந்த தொல்லைதான் இது. கோடோ எஞ்சினில் உள்ளீட்டு வரைபடத்தைத் திறந்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் சாதன எண் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 'எல்லாச் சாதனங்களும்' என்று விட்டிருந்தால், ஒரு ஜாய்ஸ்டிக்கை ஆட்டினால் நான்கு பேரும் ஆடுவார்கள்.

வெண்ணாற்றங்கரை | வெள்ளி, 12.03
அவர் சொல்வது அதற்கு நேர்மாறு. ஒருவர் ஆடவே இல்லை என்கிறார்.

கம்பத்தடி | 12.10
எந்த ஊர்? மன்னார்குடிப் பக்கம் என்றால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். எங்கள் தெருவில் மோட்டார் ஓடினாலே விளக்கு மங்குகிறது. யூஎஸ்பிக்கு 5 வோல்ட் முழுதாக வந்தாக வேண்டும்.

மூத்த உறுப்பினர் | 12.31
எஞ்சின் தெரியாது, கருவி தெரியாது. இருந்தும் இரண்டு பேர் மருந்து எழுதிவிட்டீர்கள். கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது என்று இங்கே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! குழுத் தலைவர் என்பவர் முதலில் பிழையைத் தனியே பிரித்துக் காட்ட வேண்டும். பிறகுதான் பழி.

கடைமடைக்காரன் | 12.40
கோடோ 4. ஒரே கீபோர்டு, நான்கு பேரும் அதில்தான். ஜாய்ஸ்டிக் வாங்கப் பணம் இல்லை. வீட்டில் நான் மட்டும்தான் சோதித்தேன்.

வெண்ணாற்றங்கரை | 12.42
தனியாகவா? நான்கு விசைகளையும் சேர்த்துப் பிடித்தீர்களா?

கடைமடைக்காரன் | 12.44
ஒவ்வொன்றாக.

கரைக்காவல் | காலை 6.15
தம்பி, கேமை மூடிவிட்டு நோட்பேடைத் திறங்கள். மூன்று பேரின் விசைகளைப் பிடித்துக்கொண்டு நான்காவதை அழுத்துங்கள். எழுத்து விழவில்லை என்றால் உங்கள் நிரலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

மலிவான கீபோர்டின் உள்ளே விசைக்கொரு கம்பி கிடையாது. குறுக்கும் நெடுக்குமாக வாய்க்கால் வெட்டியதைப் போல வரிசைகள் இருக்கும். விசை என்பது இரண்டு வாய்க்கால் சந்திக்கும் இடத்தில் உள்ள மதகு. ஒரு கட்டத்தின் மூன்று மூலைகளைத் திறந்துவிட்டால், தண்ணீர் சுற்றிக்கொண்டு நான்காவது மூலைக்கும் வந்துவிடும். அது உண்மையில் திறந்ததா, சுற்றி வந்த தண்ணீரா என்று கீபோர்டுக்குத் தெரியாது. அதனால் நான்காவதைக் கணக்கிலேயே எடுக்காது. ஒவ்வொரு மதகிலும் எதிரேற்றத்தைத் தடுக்க, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு வைத்த கீபோர்டுகளில் இந்தச் சிக்கல் இல்லை; விலைதான் கூடுதல்.

இரண்டு வழி. ஷிப்ட், கண்ட்ரோல் விசைகளுக்குப் பெரும்பாலும் தனி வரிசை உண்டு, அவற்றை இருவருக்குக் கொடுக்கலாம். ஆனால் ஷிப்டை ஐந்து முறை தட்டினால் விண்டோஸ் ஒரு பெட்டியைத் திறந்து ஆட்டத்தைக் கெடுக்கும்; அதை முன்பே அணைத்துவிடுங்கள். அல்லது இன்னொரு கீபோர்டைச் செருகி, கீபோர்டுக்கு இருவராகப் பிரியுங்கள். நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை.

பொன்னி நெல் | 7.02
நான்காமவர் கடைமடையா? அப்படியானால் தண்ணீர் வராதது பிழையே இல்லை. ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்தாலும் எங்கள் ஊருக்கு எப்போது வருகிறது என்று வந்து பாருங்கள்.

கடைமடைக்காரன் | 7.20
இல்லை, நான்காமவருக்குக் கொள்ளிடம்.

மூத்த உறுப்பினர் | 7.48
கொள்ளிடமா? கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றும் பாசனத்துக்கு. கொள்ளிடம் வெள்ள வடிகால். அங்கே வயலை வைத்தவர் ஆற்றைப் பார்த்திருக்கிறாரா?

பொன்னி நெல் | 7.55
ஐயா பார்த்திருக்கிறாரா? அணைக்கரையில் கீழணை எதற்கு இருக்கிறது? அங்கிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்குத் தண்ணீர் போகிறதே, அது வடிகாலா?

மூத்த உறுப்பினர் | 8.10
நான் கல்லணையைப் பற்றிப் பேசினேன். கீழணை எத்தனை மைல் கீழே!

பொன்னி நெல் | 8.12
ஆறு அதே ஆறுதான்.

நள்ளிரவு நிரலர் | 8.30
இழை கடலில் கலந்துவிட்டது. கேட்டவர் எங்கே?

கடைமடைக்காரன் | சனி, மாலை 4.50
நோட்பேடிலும் நான்காவது எழுத்து விழவில்லை. இரண்டாவது கீபோர்டு செருகினோம், ஓடியது. கூட்டம் நன்றாக இருந்தது. நன்றி.

கரைக்காவல் | 5.05
மகிழ்ச்சி. அந்த இரண்டாம் ஆண்டுத் தம்பியிடம் சொல்லிவிட்டீர்களா?

கம்பத்தடி | 5.31
புதிய கீபோர்டை வேறு யூஎஸ்பி துளையில்தானே செருகினீர்கள்? நான் சொன்னதும் அதுதான்.