'தி டின்னர் கேம்': ஒரே வீட்டுக்குள்ள 80 நிமிஷம், எப்படி போரடிக்கல?

கொட்டகைக்காரன்:
ஃபிரான்சிஸ் வெபேர் எழுதி டைரக்ட் பண்ணின 'லெ தினே த கோன்' நேத்து ராத்திரி பாத்தேன், 1998ல வந்த ஃப்ரெஞ்ச் படம், இங்கிலீஷ்ல 'தி டின்னர் கேம்'. பாக்காதவங்களுக்காக கதைய சுருக்கமா சொல்லிடறேன். பாரிஸ்ல ப்ரோஷான்னு ஒரு பணக்கார பதிப்பாளர், அவரும் அவரு சிநேகிதங்களும் புதன்கிழமை விருந்து வைப்பாங்க, ஆளுக்கு ஒரு முட்டாள தேடிப்பிடிச்சு கூட்டிட்டு வரணும், எவன் கொண்டுவந்த ஆளு படு முட்டாளோ அவன் ஜெயிச்சான். வர்றவனுக்கு எதுக்கு கூப்பிட்டாங்கன்னே தெரியாது. இந்த வாரம் மாட்டினது பின்யோன், நிதி அமைச்சகத்துல வேலை பாக்கறவன், தீக்குச்சிய ஒட்டி ஒட்டி ஈஃபிள் டவர் பாலம்னு மாடல் செய்யறதுல உயிரையே வச்சிருக்கான். விருந்துக்கு முன்னாடி ப்ரோஷானுக்கு இடுப்பு பிடிச்சுக்குது, பொண்டாட்டி வேற விட்டுட்டு போயிடறா, வீட்ல அவரும் பின்யோனும் மட்டும்.

என் சந்தேகம் என்னன்னா, இது முதல்ல மேடை நாடகம். நாடகத்த படமா எடுத்தா பெரும்பாலும் ஆளுங்க வரிசையா நின்னு வசனம் பேசற மாதிரி தான் இருக்கும், நம்மளுக்கே பத்து நிமிஷத்துல கொட்டாவி வந்துடும். இது கிட்டத்தட்ட முழுக்க ஒரு ஹால்ல தான் நடக்குது, ஆனா நான் ஒரு தடவ கூட மணி பாக்கல. எங்க இருக்கு அந்த சூட்சுமம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, இதே மாதிரி வேற படம் இருந்தாலும் சொல்லுங்க.

மேடைப்பிரியை:
நல்ல கேள்வி கேட்டீங்க சார், எனக்கு ரொம்ப பிடிச்ச படம். நாடகம் 1993ல பாரிஸ் வரியேத்தே தியேட்டர்ல வந்தது, அங்கயும் பின்யோனா நடிச்சது இதே ழாக் வில்ரே தான், ப்ரோஷானா குளோத் பிராசர். படத்துக்கு வெபேர் தானே டைரக்ட் பண்ணி, ப்ரோஷான் வேஷத்துக்கு தியெரி லெர்மித்த போட்டாரு. அதாவது வில்ரே அந்த பாத்திரத்த மேடையில ஜனங்க முன்னாடி ராத்திரி ராத்திரி நடிச்சு, எந்த இடத்துல எவ்வளவு நேரம் நிறுத்தினா சிரிப்பு வரும்னு கைக்குள்ள வச்சிருந்தவரு.

சூட்சுமம் அந்த இடுப்பு வலியில தான் இருக்குன்னு நான் நினைக்கறேன். யோசிச்சு பாருங்க, ப்ரோஷானால எழுந்து நடக்க முடிஞ்சா என்ன பண்ணுவாரு, கார எடுத்துட்டு பொண்டாட்டிய தேடி போயிடுவாரு, பின்யோன வெளிய தள்ளி கதவ சாத்திடுவாரு, கதை அத்தோட முடிஞ்சுது. நகர முடியாததால தான் இந்த ஆளோட தயவு அவருக்கு வேணும். ஒரே வீடுங்கறது மேடையோட கட்டாயம், அத கதையோட கட்டாயமா மாத்திட்டாரு பாருங்க, அதனால தான் ஏன் இவங்க வெளிய போகலன்னு நமக்கு தோணவே மாட்டேங்குது.

அடுத்தது போன். பழைய ஃப்ரெஞ்ச் ஃபார்ஸ்ல, அதாவது ஆள்மாறாட்டம் குழப்பம்னு ஓடற சிரிப்பு நாடகத்துல, ஜார்ஜ் ஃபெய்தோங்கற நாடக ஆசிரியர் காலத்துல, எல்லாம் கதவு தான், ஒருத்தன் இந்த கதவுல நுழைய இன்னொருத்தி அந்த கதவுல ஓட. இங்க அந்த வேலைய பாதிக்கு மேல போன் செய்யுது. பொண்டாட்டி எங்கன்னு விசாரிக்கறதுக்காக லெப்லான்னு ஒரு பழைய சிநேகிதனுக்கு, பெல்ஜியம் தயாரிப்பாளர் பேசறேன் உங்க நாவல படமாக்கணும்னு பின்யோன் போன் போடற சீன் இருக்கே, அத திரும்ப போட்டு பாருங்க. குரல மாத்தி, பேரம் பேசி, பிரமாதமா பண்ணி கடைசியில ரைட்ஸ வாங்கிட்டேன்னு பூரிப்போட போன வச்சிடறான், எதுக்கு போன் பண்ணோமோ அத கேக்கவே இல்ல! அந்த நேரம் வில்ரே முகத்துல இருக்கற பெருமையையும் லெர்மித் முகத்தையும் கேமரா பக்கத்துல போய் காட்டுது பாருங்க, மேடையில பின்வரிசை டிக்கெட் வாங்கினவருக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

பால்கனி சீட்டு:
எனக்கு உடன்பாடில்ல மேடம். வில்ரே அபாரம், அதுல சந்தேகமே கிடையாது, ஆனா சினிமாவா பாத்தா இதுல என்ன இருக்கு, சோபா, போன், ஜன்னல்ல ஈஃபிள் டவர், அவ்வளவு தான். வெபேர் எழுத்துல ராஜா, கேமராவ பொறுத்தவரைக்கும் நடிகருங்க தெரிஞ்சா போதும்னு வச்சுட்டாரு. இன்னொன்னு, ஒரு அப்பாவிய கேலி பண்ற கதைய பாத்து நாமளும் சிரிக்கறோம், அப்ப நமக்கும் அந்த புதன்கிழமை கும்பலுக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு அது உறுத்துச்சு.

மேடைப்பிரியை:
ஆனா அந்த விருந்த படம் காட்டவே இல்லையே சார், அத கவனிச்சீங்களா? பேரே விருந்து, கடைசி வரைக்கும் ஒருத்தரும் அங்க போய் சேரல. 2010ல ஸ்டீவ் கேரல வச்சு ஹாலிவுட்ல இத எடுத்தப்ப விருந்த காட்டினாங்க, வந்தவங்க வித்தைய எல்லாம் வரிசையா காட்டி, படமும் 2 மணி நேரத்துக்கு கிட்ட போயிடுச்சு. நீங்க சொல்ற உறுத்தல் எனக்கு அங்க தான் வந்தது. மூலப் படத்துல அடி வாங்கறது ப்ரோஷான் மட்டும் தான்.

இனிமே ஸ்பாய்லர், பாக்காதவங்க தாண்டிடுங்க. பொண்டாட்டி மனசு மாறி வாசல் வரைக்கும் திரும்பி வர்றா, பின்யோன் அவளத்தான் ப்ரோஷானோட கள்ளக்காதலின்னு நினைச்சு பேசி அனுப்பிடறான். கெட்ட எண்ணம் துளி கூட கிடையாது, அந்த மனுஷனுக்கு உதவணும்னு துடிக்கறான். கடைசியில அவனும் பொண்டாட்டி விட்டுட்டு போனவன் தான்னு அவன் வாயாலயே வருது, அந்த இடத்துல எனக்கு தொண்டை அடைச்சுது. அப்படி ஒருத்தன எழுதினவரு அவன கேலி பண்றாருன்னு என்னால ஒத்துக்க முடியல.

தேங்காய் பன்:
வருமானவரி அதிகாரி வர்ற கட்டத்த யாரும் சொல்லலையே ப்ரோ!! நடிச்சது தனியேல் ப்ரெவோ. அவரு வர்றாருன்னு தெரிஞ்சதும் வீட்ல இருக்கற ஓவியம் சிலை எல்லாத்தையும் அடிச்சு பிடிச்சு ஒளிச்சு வைக்கறாங்க, விலை உயர்ந்த ஒயின் தெரியக்கூடாதுன்னு அதுல வினிகர் ஊத்தறாங்க. அடுத்தவன் பொண்டாட்டி கதைய கேட்டு அந்த ஆளு வயித்த பிடிச்சுட்டு சிரிச்சுட்டு இருக்கும்போதே அது அவரு தலையிலயே திரும்புது பாருங்க, அந்த சிரிப்பு அணையற வேகம் இருக்கே!! ஃப்ரான்ஸோட பெரிய சினிமா விருதான செசார்ல சிறந்த துணை நடிகர் அவருக்கு, சிறந்த நடிகர் வில்ரேவுக்கு, திரைக்கதை வெபேருக்கு. 2007ல ஹிந்தியில 'பேஜா ஃப்ரை'ன்னு வந்ததும் இதே கதை தான், வினய் பாதக் நடிச்சது, அங்க தீக்குச்சிக்கு பதிலா பாட்டு.

இதே மாதிரி வேணும்னா 1967ல வந்த 'ஆஸ்கர்' பாருங்க ப்ரோ, லூயி த ஃப்யூனெஸ் நடிச்சது. குளோத் மாஞ்யேவோட 1958 நாடகம், எதுவார் மொலினாரோ டைரக்‌ஷன். இதுவும் பணக்காரர் வீட்டுக்குள்ள ஒரே நாள்ல நடக்கற கதை தான், நகையும் பணமும் வச்ச பெட்டியும் வேலைக்காரி துணி வச்ச பெட்டியும் மாறி மாறி போகும். இதுல போன விட கதவு தான் ஜாஸ்தி. த ஃப்யூனெஸும் இத மேடையில நடிச்சவரு தான், ஆனா வில்ரே மாதிரி நிதானம்லாம் கிடையாது, மனுஷன் உடம்பு முழுக்க பேசும். அதுக்கப்புறம் 1973ல வந்த 'லாம்மெர்தர்', இதுவும் மொலினாரோ, வெபேரே எழுதின நாடகத்துல இருந்து எடுத்தது, ழாக் ப்ரெல் தான் பின்யோன், லினோ வென்துரா கூலிக்கு கொலை பண்றவன். வெபேர் அந்த பேர விடவே மாட்டாரு, படத்துக்கு படம் வேற வேற நடிகர் பின்யோனா வருவாங்க. முதல்ல 'ஆஸ்கர்', அப்புறம் இது.