வளைவு வந்தாலே கை இறுகிப்போகிறது

நண்பர்களே, ஓர் உதவி வேண்டும். 3 வருடமாக பைக் ஓட்டுகிறேன். நேர்ச்சாலையில் பிரச்சினையே இல்லை. வளைவில் உடம்பு விறைத்துவிடுகிறது, அதிலும் வலப்பக்க வளைவு என்றால் கேட்கவே வேண்டாம். போன மாதம் மணல் சிதறிக் கிடந்த ஒரு திருப்பத்தில் பின்சக்கரம் லேசாக வழுக்கியது. விழவில்லை. பயம்தான் ஒட்டிக்கொண்டது.

பாடமெல்லாம் தெரியும்: வேகத்தை வளைவுக்கு முன்பே குறை, போகவேண்டிய இடத்தைப் பார், வலப்பக்கம் சாய வலது கைப்பிடியை லேசாக முன்னே தள்ளு. வேகம் இரட்டித்தால் அதே வளைவில் டயருக்குச் சாலையில் 4 மடங்கு பிடிப்பு தேவை என்பதும் தெரியும் (தெரிந்தபிறகு பயம் கூடியதுதான் மிச்சம்). கண்தான் கேட்பதில்லை. எந்தக் குழியைத் தவிர்க்க நினைக்கிறேனோ அதையே முறைக்கிறது, வண்டியும் அங்கேயே போகிறது.

மறுபக்கம் தெரியாத வளைவில் எவ்வளவு வேகம் சரி என்று எப்படிக் கணிக்கிறீர்கள்? கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம் என்கிறார்கள். ஓடும்போது அதை எப்படி உணர்வது? அப்புறம், உள்ளே நுழைந்தபின் வேகம் அதிகம் என்று தோன்றினால் மெல்ல பிரேக்கா, இன்னும் சாய்வதா? காலி மைதானத்தில் பழகியவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். "தைரியமா ஓட்டு" மட்டும் வேண்டாம், அதை வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.