கிதாக்யூஷூ நகரில் வாழ்ந்தவர்கள் தங்கள் நினைவுகளைச் சொல்ல முடியுமா?

கேள்வி: ஒக்கலாப்பா வாசகி (யாங்கோன்)

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு ஜப்பானின் கிதாக்யூஷூ நகரிலுள்ள ஒரு மொழிப் பள்ளியில் இடம் கிடைத்து, விசாவுக்கான தகுதிச் சான்றிதழும் வந்துவிட்டது. டோக்கியோவைப் பற்றியும் ஒசாகாவைப் பற்றியும் யாங்கோனில் யாரைக் கேட்டாலும் நாலு செய்தி சொல்கிறார்கள். கிதாக்யூஷூ என்றால் அது எங்கே இருக்கிறது என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள். பள்ளி அனுப்பிய விளம்பரத் தாளில் கோட்டையும் செர்ரிப் பூவும் இருக்கின்றனவே தவிர, ஒரு பெண் பிள்ளை அங்கே தனியாக எப்படி நாளைக் கழிப்பாள் என்பது இல்லை. அம்மா அதை நினைத்தே கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

அங்கே வாழ்ந்தவர்களோ, போய் வந்தவர்களோ இருந்தால், ஊர் எப்படிப்பட்டது, மக்கள் எப்படிப் பழகுகிறார்கள், மாட்டிறைச்சி சாப்பிடாதவளுக்கு உணவு எப்படி, குளிர் எவ்வளவு என்று உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள். மனம் சோர்ந்தால் போய் உட்கார ஒரு கோயிலோ பகோடாவோ உண்டா என்றும் அம்மா கேட்கச் சொன்னார்.

பதில்: தொபாத்தா முன்னாள் மாணவன் (பெகு)

தங்கைக்கு என் வாழ்த்துகள். நான் பெகுவில் பிறந்து வளர்ந்து, கிதாக்யூஷூவின் தொபாத்தா பகுதியில் பொறியியல் மேற்படிப்புப் படித்தவன். ஜப்பானின் க்யூஷூ தீவின் வடமுனையில் இருக்கும் கிதாக்யூஷூவை ஒரே ஊராக எண்ண வேண்டாம். மோஜி, கொக்குரா, யஹாத்தா, தொபாத்தா, வக்காமட்சு என்று தனித்தனியாக இருந்த ஐந்து நகரங்களை 1963ஆம் ஆண்டில் இணைத்து உண்டாக்கிய மாநகரம் அது. பள்ளி எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே உங்கள் தங்கையின் அன்றாடம் அமையும். கொக்குராவில் மோனோரயில் பெரிய ரயில் நிலையக் கட்டடத்துக்குள்ளேயே வந்து நிற்கும், சுற்றிலும் கடைத்தெருக்கள். மோஜி பழைய துறைமுகம். யஹாத்தாவில் மலைச்சரிவு நெடுக வீடுகள்.

நான் இருந்த தொபாத்தா ஆலைகளின் ஊர். 1901இல் யஹாத்தாவில் அரசு உருக்காலை இயங்கத் தொடங்கிய பிறகு, தோக்காய் விரிகுடாவின் கரைகளெல்லாம் தொழிற்சாலைகளால் நிறைந்தன. 1960களில் அந்த நீரில் மீன் வாழ வழியில்லாமல் போய், அதற்குச் சாவுக் கடல் என்றே பெயர் விழுந்தது. அதை எதிர்த்து முதலில் எழுந்தவர்கள் தொபாத்தாவின் குடும்பப் பெண்கள் என்பதை அங்கே போன பிறகுதான் அறிந்தேன். காயப்போட்ட துணியில் கரி படிகிறது, பிள்ளைகளுக்கு இருமல் நிற்கவில்லை என்று கண்ட அந்தப் பெண்கள், தங்கள் கணவன்மார் அதே ஆலைகளில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே, படியும் கரியைத் தாங்களே அளந்து, கற்றவர்களின் உதவியோடு கணக்குகளைத் திரட்டி, 1965இல் ஓர் ஆவணப்படமும் எடுத்து, நகராட்சியையும் ஆலைகளையும் பதில் சொல்ல வைத்தார்கள். நான் இருந்தபோது அந்த விரிகுடாவின் ஓரத்தில் பெரியவர்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த அனுபவத்தை அந்த நகரம் பிற நாடுகளுக்கும் கொண்டு செல்கிறது. மாண்டலையின் குடிநீர் வழங்கலைச் சீராக்கும் பணியில் கிதாக்யூஷூவின் நீர்வழங்கல் துறையினர் துணை நின்றிருக்கிறார்கள் என்பது நம் ஊரில் பலருக்கும் தெரியாது.

தொபாத்தாவையும் வக்காமட்சுவையும் இணைக்கும் சிவப்புத் தொங்குபாலம் 1962இல் கட்டப்பட்டது. ஆயினும் நடந்து போகிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் பாலத்தின் கீழே ஓடும் நகராட்சிப் படகில்தான் அக்கரைக்குச் செல்கிறார்கள். யாங்கோனிலிருந்து ஆற்றின் அக்கரையிலுள்ள தலாவுக்குப் படகில் போய்ப் பழகிய எனக்கு, அந்தச் சில நிமிடப் பயணம் வாரக் கடைசியின் பெரிய மகிழ்ச்சியாக இருந்தது. ஜூலையில் நடக்கும் தொபாத்தா கியோன் திருவிழாவைத் தங்கை தவறவிடக்கூடாது. பகலில் கொடிகளால் அலங்கரித்த பெரிய சப்பரங்களை, இருட்டியதும் அலங்காரம் கலைத்துவிட்டு, 12 அடுக்குகளில் 309 காகித விளக்குகள் கொண்ட கோபுரமாகக் கண்ணெதிரே மாற்றி எழுப்பித் தோளில் சுமந்து ஓடுவார்கள். நம் ஊர்த் திருவிழாவில் சப்பரம் தூக்கியவர்களுக்கு அந்த இரவில் தாளமும் கூச்சலும் அந்நியமாக இருக்காது.

உணவைப் பற்றிக் கேட்டீர்கள். கொக்குராவில் தங்கா சந்தை என்று ஒரு பழைய சந்தை இருக்கிறது. 2022இல் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் இரண்டு முறை தீப்பிடித்துப் பல கடைகள் அழிந்தபோதும், மீதமுள்ளவர்கள் வியாபாரத்தை விடவில்லை. அங்கே மத்தியையும் கானாங்கெளுத்தியையும் புளிக்கவைத்த அரிசித் தவிட்டு விழுதோடு சேர்த்து மெல்லக் கொதிக்கவிட்டு விற்பார்கள். புளிப்பும் உவர்ப்பும் கலந்த அந்த மீன், ஙாப்பி என்னும் பர்மிய மீன் விழுதை உண்டு வளர்ந்த நாவுக்கு விரைவில் பிடித்துப்போகும். மாட்டிறைச்சியை விலக்குவது கடினமில்லை. ஆனால் பொட்டலத்தில் வரும் குழம்புக் கட்டிகளில் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு இருக்கும் என்பதால், சேர்மானப் பட்டியலில் மாடு, பன்றி, கோழி ஆகியவற்றுக்கான எழுத்துகளைப் போவதற்கு முன்பே படிக்கப் பழகிக்கொள்ளட்டும்.

பதில்: தக்கதானோபாபா நண்பர் (டோக்கியோ)

முந்தைய பதிலில் உள்ள அன்பை மதிக்கிறேன், ஆனாலும் மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டோக்கியோவின் தக்கதானோபாபா ரயில் நிலையத்தைச் சுற்றி, 1988 கிளர்ச்சிக்குப் பின் வந்து குடியேறிய மியன்மார் மக்களின் கடைகள் இருக்கின்றன. மொஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ், தேயிலைச் சாலட், பர்மிய மளிகை எல்லாம் கிடைக்கும். நிஷிகசாய் பக்கம் போனால் தமிழ்நாட்டுக் குடும்பங்களும் பொங்கல் விழாவும் உண்டு. உடம்புக்கு முடியாமல் போனாலோ, பகுதிநேர வேலையில் சிக்கல் வந்தாலோ, நம் மொழியில் கேட்டு உதவ ஆள் இருக்கும் ஊர் முதல் ஆண்டில் பெரிய பலம். வாடகை மிக அதிகம் என்பது உண்மைதான். இருந்தாலும் தனிமைக்கும் ஒரு விலை உண்டு என்பதைக் குடும்பத்தார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பதில்: யஹாத்தா பராமரிப்பாளர் (சொந்த ஊர் மோல்மேன்)

டோக்கியோ அண்ணன் சொல்வது அக்கறையான பேச்சு. ஆனால் நான் யஹாத்தாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன், என் அனுபவம் வேறாக இருக்கிறது. ஜப்பானின் பெருநகரங்களில் முதியோர் பங்கு மிக உயர்ந்த நகரம் கிதாக்யூஷூ. ஒரு காலத்தில் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை இப்போது ஒன்பது லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது. இளம் முகத்தைக் காண்பதே குறைந்துபோன தெருக்களில், தினமும் ஒரே நேரத்தில் வணக்கம் சொல்லிக்கொண்டு போகும் பெண்ணை அவர்கள் கவனிக்கிறார்கள். நான் குடியிருக்கும் சரிவில் பக்கத்து வீட்டு அம்மா, புயல் எச்சரிக்கை வந்தால் என் கதவைத் தட்டிச் சொல்லாமல் போகமாட்டார். தன் தோட்டத்து முள்ளங்கியையும் வாசலில் வைத்துவிட்டுப் போவார். எங்கே போகிறாய், சாப்பிட்டாயா என்று கேட்கும் ஊரில் வளர்ந்த நமக்கு, இப்படிப்பட்ட அக்கம்பக்கம் பெரிய ஆறுதல்.

இல்லத்தில் இருக்கும் தாத்தாக்களில் பலர் உருக்காலையில் உழைத்தவர்கள். ஆலைப் புகைபோக்கிகளிலிருந்து ஏழு நிறப் புகை எழுந்ததை ஊரின் செழிப்பு என்று பெருமையாகப் பேசிய காலத்தை அவர்கள் வாயால் கேட்டிருக்கிறேன். அதே புகையை எதிர்த்து நின்ற பெண்களின் தலைமுறையைச் சேர்ந்த பாட்டிமாரும் இருக்கிறார்கள். மதிய உணவுக்குப் பின் இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பது என் வேலை. அந்த மேசையில் நான் கற்ற ஜப்பானிய மொழி எந்த வகுப்பிலும் கிடைத்திருக்காது. புத்தகத்தில் படித்த வாக்கிய முடிவுகளை அவர்கள் பேச்சில் தேடினால் கிடைக்காது. வட்டார வழக்கு காதில் ஏறச் சில மாதங்கள் ஆகும், அதற்காகத் தங்கை மனம் தளர வேண்டாம்.

மாணவர் விசாவில் பகுதிநேர வேலைக்கு வாரம் 28 மணி நேரம்தான் அனுமதி. அதைத் தாண்டச் சொல்லும் முதலாளி எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் மறுத்துவிட வேண்டும், ஏனென்றால் விசா நீட்டிப்பின்போது வருமானக் கணக்கைப் பார்ப்பார்கள். வந்தவுடன் வட்டார அலுவலகத்தில் தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்துவிட்டால், மருத்துவச் செலவில் பத்தில் மூன்று பங்கு மட்டும் நாம் கட்டினால் போதும். குளிரைப் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. க்யூஷூ என்றால் வெப்பமான தீவு என்று எண்ணி வருகிறார்கள். ஆனால் கிதாக்யூஷூவின் வடகரை திறந்த கடலைப் பார்த்தது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மேகமூட்டமும் கடல்காற்றும் சேர்ந்து எலும்பில் இறங்கும். வெளியைவிடப் பழைய மர வீட்டின் உள்ளேதான் குளிர் அதிகமாகத் தெரியும். ஆகவே தடித்த மேலங்கி ஒன்றுக்குப் பணம் கொட்டுவதைவிட, உள்ளே அணியும் வெப்ப உடைகளை இங்கே வந்து வாங்கிக்கொள்வது நல்லது.

பதில்: முடோன் பெரியவர்

அம்மா, உங்கள் தாயார் பகோடாவைப் பற்றிக் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அதற்காகவே எழுதுகிறேன். கொக்குராவில் வேலை செய்யும் என் மகனைப் பார்க்கப் போயிருந்தபோது, மோஜியின் மெக்காரி மலைப் பூங்காவில் உலக அமைதிப் பகோடா என்ற ஒன்று இருப்பதாகச் சொல்லி என்னை அழைத்துப் போனான். 1958இல் கட்டப்பட்ட அந்தப் பகோடா பர்மிய முறையில் அமைந்தது. தேரவாத மரபின்படி பர்மியத் துறவிகள் வந்து தங்கி வழிபாடு நடத்திய இடம். மரங்களுக்கு மேலே அந்த வடிவத்தைக் கண்டதும் நம் மண்ணின் நினைவு வராமல் போகாது.

ஆனால் அது அங்கே ஏன் இருக்கிறது என்பதையும் தங்கை தெரிந்துகொண்டு போக வேண்டும். போர்க்காலத்தில் ஜப்பானியப் படையினர் கப்பலேறிய முக்கியத் துறைமுகங்களில் மோஜி ஒன்று. பர்மாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அந்த இறப்புகளின் நினைவாகவும் அமைதியை வேண்டியும் எழுந்ததே அந்தப் பகோடா. எங்கள் குடும்பத்துக்கு அந்தப் போர் வேறு வகையில் நினைவிருக்கிறது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு, என் தாத்தாவின் உடன்பிறந்தார் இந்தியாவை நோக்கி நடந்தே புறப்பட்டவர்களோடு போனார். அவரைப் பற்றி அதன்பின் செய்தி இல்லை. எங்கள் ஊருக்குத் தெற்கே தன்பியூசயாட்டில் தொடங்கிய ஜப்பானியப் படை போரின்போது போட்ட 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதையில், மலாயாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்க் கூலிகளும் பர்மியத் தொழிலாளர்களும் ஆயிரமாயிரமாக மடிந்தார்கள். நேச நாட்டுப் படைவீரர்களுக்குத் தன்பியூசயாட்டில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. அந்தத் தமிழர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. ஆகவே மோஜியில் நான் கும்பிட்டபோது, அங்கே நினைக்கப்படுபவர்களுக்காகவும் நினைக்கப்படாதவர்களுக்காகவும் சேர்த்தே கும்பிட்டேன். மகனிடமும் அதைத் தெளிவாகச் சொன்னேன்.

கொக்குராவில் இன்னொரு இடம் உண்டு. 1945 ஆகஸ்ட் 9 அன்று இரண்டாவது அணுகுண்டுக்கு முதல் இலக்காக இருந்தது கொக்குராவின் ஆயுதத் தொழிற்சாலை. மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. அந்தத் தொழிற்சாலை இருந்த நிலம் இன்று கட்சுயாமா பூங்கா. 2022இல் திறந்த அமைதி அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. தாங்கள் தப்பியதால் நாகசாகி அழிந்தது என்பதை அந்த நகரத்தார் மறைக்காமல் சொல்கிறார்கள், ஆண்டுதோறும் அதே நாளில் அஞ்சலி செலுத்துகிறார்கள். ஒரு நகரத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டாக அதுவே போதுமானதாக இருந்தது.

கேள்வி கேட்டவர்: ஒக்கலாப்பா வாசகி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியவர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருடைய தாய்வழியிலும் நடந்து போனவர்கள் உண்டு என்று இன்றுதான் என்னிடம் சொன்னார். பள்ளி கொக்குராவில் இருக்கிறது. அங்கிருந்து பகோடாவுக்கு அவள் தனியாகப் போய்வர முடியுமா? நம் அரிசி கிடைக்குமா?

பதில்: தொபாத்தா முன்னாள் மாணவன்

தாராளமாகப் போய்வரலாம். கொக்குராவிலிருந்து மோஜிகோ நிலையத்துக்கு நேரடி ரயில் உண்டு, கால் மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடும். 1914இல் கட்டிய அந்த மர நிலையத்தையே நின்று பார்க்கலாம். அங்கிருந்து மெக்காரி பக்கம் பேருந்து போகிறது. குளிர்காலம் தவிர மற்ற மாதங்களில் வார இறுதியில் ஒரு சிறிய சுற்றுலா ரயிலும் ஓடும். பிறகு கொஞ்சம் மலையேற வேண்டும். இறங்கி வரும்போது, கடலுக்கு அடியில் 780 மீட்டர் நீளமுள்ள கன்மோன் நடைபாதைச் சுரங்கத்தில் நடந்து அக்கரையிலுள்ள ஷிமோனோசெக்கி நகர் வரை போய்வரட்டும், நடப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை.

நீள அரிசி சாதாரணக் கடைகளில் கிடைக்காது. தெற்காசியர் நடத்தும் ஹலால் மளிகைக் கடைகளிலோ இணையத்திலோ வாங்கலாம், பருப்பும் மிளகாய்த்தூளும் அங்கேயே கிடைக்கும். பெரிய கடைகளைத் தேடினால் ஃபுக்குவோக்காவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் கால் மணி நேரம்தான், ஆனால் கட்டணம் அதிகம் என்பதால் மாணவர்கள் பேருந்தில் போவார்கள். புறப்படும் மாதம் தெரிந்ததும் இங்கே எழுதுங்கள். கொக்குராவில் படித்துக்கொண்டிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இருவரிடம் நிலையத்துக்கு வந்து அழைத்துப் போகச் சொல்கிறேன்.