பழைய சைக்கிளில் "டக் டக்" கியர் மாட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முத்தியால்பேட்டை ஆள்:

நானே தொடங்கி வைக்கிறேன். என் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் இவர்களைச் சொல்தா என்போம். 80-களில் விடுப்பில் வந்தபோது ஒரு பிரெஞ்சு ரேஸ் சைக்கிளைப் பெட்டி கட்டிக் கொண்டுவந்தார். 10 ஸ்பீடு, அதாவது முன்னால் 2 பல்சக்கரம், பின்னால் 5. இரண்டு லீவரும் ஃபிரேமின் கீழ்க்குழாயில் இருக்கும். அந்த லீவர்களில் "டக்" கிடையாது. இழுத்துப் பார்த்து, செயின் முனகுகிறதா என்று காதைக் கொடுத்து, கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் இழுத்து நிறுத்த வேண்டும். பெரியப்பா அதைப் பேச்சு நடுவே அனிச்சையாகச் செய்வார். எனக்கு வரவில்லை. சண்டே மார்க்கெட் நெரிசலில் ஒரு கையை எடுத்துக்கொண்டு காதைத் தீட்டுவது நம்மால் ஆகாது.

7 ஸ்பீடு இண்டெக்ஸ், அதாவது ஒரு "டக்"குக்கு ஒரு கியர் தானாகச் சரியாக விழும் லீவர், போடலாம் என்று இறங்கினேன். முதல் பாடம்: பழைய பிரெஞ்சு சைக்கிளில் எந்த மரையும் மற்ற உலகத்தோடு சேராது. பின் ஹப்பில் (வீலின் நடு உருளை) ஃப்ரீவீல் (பின் பல்சக்கரக் கொத்து) ஏறும் மரை 34.7 மி.மீ., சுற்றுக்கு 1 மி.மீ. கடையில் கிடைக்கும் ஃப்ரீவீல் எல்லாம் ஆங்கில அளவு. வலுக்கட்டாயமாக ஏற்றினால் ஹப் போய்விடும். அதனால் பின் வீலையே மாற்றினேன். கிடைத்தது 135 மி.மீ. ஹப். எங்கள் ஃபிரேமின் பின்பக்க இடைவெளி 120. ஆக்ஸிலில் இடது பக்கம் இருந்த ஸ்பேசர் வளையங்களைக் கழற்றி 126-க்குக் கொண்டுவந்து, ஆக்ஸிலை அறுத்து, ரிம்மை நடுவுக்கு இழுத்துக் கோட்டம் எடுத்தோம். மீதி 6 மி.மீ.யை ஃபிரேமை விரித்துச் சரிசெய்தோம், பக்கத்துக்கு 3. இரும்பு ஃபிரேம் என்பதால் முடிந்தது. விரித்த பிறகு ஒரு நூலை, பின் ஆக்ஸில் உட்காரும் கவ்வியின் ஒரு பக்கத்தில் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவந்து, சீட் குழாய்க்கு இரண்டு பக்கமும் ஒரே தூரமா என்று பார்த்தோம்.

டெரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றதுக்குத் தள்ளும் கை) மாட்டும் ஹேங்கரில், அதாவது ஃபிரேமின் பின்முனைக் காதில், வெறும் ஓட்டைதான், மரையே இல்லை. லேத் பட்டறையில் 10 மி.மீ. டேப் போட்டு மரை வெட்டி, டெரெய்லரின் முளை முட்டி நிற்க ஒரு பள்ளமும் அரம் போட்டார்கள். இண்டெக்ஸ் லீவர் சென்னை நண்பர் ஒருவரின் பழைய சைக்கிளிலிருந்து வந்தது. அதன் கவ்வி 28.6 மி.மீ. குழாய்க்கானது, எங்கள் குழாயோ 28. கூல் டிரிங்க்ஸ் டின்னைக் கத்தரித்து மூன்று சுற்றுச் சுற்றினேன், கச்சிதம்.

இவ்வளவும் பண்ணிவிட்டு ஓட்டினால் மூன்றாவதிலிருந்து நான்காவது சிறிய பல்லுக்கு (பல்சக்கரத்தைத்தான் பல் என்கிறேன்) செயின் இறங்கவே இல்லை! அரை நிமிடம் கழித்து, நான் மறந்த நேரத்தில் "கடக்" என்று விழும். மூன்று வாரம் திருகாணியைத் திருகிக்கொண்டே இருந்தேன். கடைசியில் எங்கள் தெருமுனை மெக்கானிக் பாய் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, கியர்ல கோளாறு இல்ல, வாலுல கோளாறு" என்றார்.

வால் என்றது டெரெய்லருக்குள் வளைந்து நுழையும் ஒரு சாண் அவுட்டரை, அதாவது கியர் ஒயரின் மேலுறையை. வீட்டில் கிடந்த பிரேக் அவுட்டரில் ஒரு துண்டு வெட்டிப் போட்டிருந்தேன். பிரேக் அவுட்டர் உள்ளே ஸ்பிரிங் மாதிரி சுற்றியிருக்கும். இழுத்தால் நெளியும், நீளம் மாறும். ஒரு "டக்"குக்கு லீவர் இழுப்பதே 3 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. டெரெய்லர் அதை ஏறக்குறைய 1.7 மடங்காக்கி 5 மி.மீ. நகர்கிறது, 7 ஸ்பீடில் பல்லுக்குப் பல் தூரமும் அதுதான். வாலில் அரை மி.மீ. காணாமல் போனால் பல்லில் முக்கால் மி.மீ.க்கு மேல் தவறும். கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், அமுங்காது. புதுத் துண்டு போட்டதும் அன்று மாலையே சரியாகிவிட்டது. (அந்தக் கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போட்டுவிடாதீர்கள். அழுத்திப் பிடித்தால் வெடித்துப் பிளந்துவிடும்.)

ஈரோட்டுக்காரன்:

எனக்கு இவ்வளவு பெரிய கதை இல்லை. 90-களின் எம்டிபி (மலை சைக்கிள்). ஃபிரேமில் ஹேங்கரே கிடையாது. டெரெய்லர் ஒரு தகட்டில் மாட்டி, அந்தத் தகடு வீல் நட்டுக்கு அடியில் இருக்கும். மகளுக்காக 6 ஸ்பீடு தம்ப் ஷிஃப்டர் (கட்டைவிரலால் தள்ளும் லீவர்) போட்டு அழகாகச் செட் பண்ணினேன். ஒரு வாரம் கழித்துப் பஞ்சர். பஞ்சர் கடைப் பையன் வீலைத் திருப்பி மாட்டும்போது தகடு ஒரு நூல் சாய்ந்துவிட்டது. "அப்பா, கியர் வேலை செய்யல" என்று வந்து நிற்கிறாள். மறுபடி செட் பண்ணினேன், மறுபடி பஞ்சர், மறுபடி போச்சு.

இப்போது தகடும் ஃபிரேமும் சேரும் இடத்தில் அவளுடைய நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். யார் மாட்டினாலும் கோட்டோடு கோடு சேர்த்தால் போதும். பஞ்சர் கடைப் பையனுக்கே இது பிடித்துப்போய், மற்ற சைக்கிள்களுக்கும் போடலாமா என்று கேட்டான்.

டொரொண்டோ அப்பு:

தம்பி, உங்கட பிரெஞ்சுச் சைக்கிள் கதை வாசித்துச் சிரித்துப்போட்டன். நான் இங்கே பேஸ்மென்டில் வைத்து இப்படி நாலைந்து சைக்கிள் மாற்றியிருக்கிறன். எல்லோரும் லீவரையும் டெரெய்லரையும் பார்க்கினம், ஹேங்கர் வளைந்திருக்கோ எண்டு ஒருத்தரும் பார்க்கிறேல்லை. சைக்கிள் வலப்பக்கமாக ஒருக்கால் விழுந்தால் போதும், அது உள்ளே வளைந்துவிடும். பழைய லீவரில் அது தெரியாது, கையால் ஈடுகட்டிவிடுவியள். இண்டெக்ஸ் மன்னிக்காது.

அளக்கிற கருவி விலை. நான் செய்கிற வேலை இதுதான்: குவிக் ரிலீஸ் (ஸ்பானர் இல்லாமல் கழற்றுகிற) பின் வீலின் ஆக்ஸிலும் டெரெய்லர் மரையும் பெரும்பாலும் ஒரே அளவு, 10 மி.மீ.க்கு 1. டெரெய்லரைக் கழற்றிவிட்டு, ஒரு உதிரி வீலின் ஆக்ஸிலை அந்த ஓட்டையில் திருகி ஏற்றுங்கோ. இப்ப இரண்டு வீல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ரிம்முக்கும் ரிம்முக்கும் இடையில் மேலே, கீழே, முன்னே, பின்னே ஒரே தூரம் இருக்க வேணும். இல்லாவிட்டால் அந்த உதிரி வீலையே பிடித்து மெதுவாக நெம்பலாம். இரும்பு ஃபிரேமுக்குத்தான் சொல்கிறன். அலுமினியத்தை வளைக்கவும் வேண்டாம், விரிக்கவும் வேண்டாம், முறிந்துபோகும்.

வேளச்சேரி:

நான் கட்சி மாறியவள். 7 ஸ்பீடு ஃப்ரீவீலுக்கு 8 ஸ்பீடு லீவர்தான் கையில் இருந்தது. ஒன்றில் பல் இடைவெளி 5 மி.மீ., மற்றதில் 4.8. வித்தியாசம் 0.2 தானே என்று மாட்டினேன். ஆறு தாவலில் அது 1.2 ஆகிவிடுகிறது. நடுப்பல்லில் சரிசெய்தால் இரண்டு ஓரத்திலும் 0.6 தள்ளி நிற்கும். ஓடத்தான் செய்தது, ஆனால் ஓரப் பல்லில் ஒரு முனகல். அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு ஆபீஸ் போக முடியாமல் "டக்" இல்லாத பழைய ஃப்ரிக்‌ஷன் லீவரையே திரும்பப் போட்டுவிட்டேன். அதற்கு எந்த ஃப்ரீவீலும் சம்மதம்.

1984-ல் ஷிமானோ கம்பெனி தன் டூரா-ஏஸ் என்ற ரேஸ் செட்டில் இண்டெக்ஸ் கொண்டுவந்தபோது லீவர், ஒயர், டெரெய்லர், ஃப்ரீவீல், செயின் எல்லாவற்றையும் ஒரே செட்டாகத் திட்டமிட்டார்கள், அதனால்தான் ஓடியது. பல்லுக்கு நெருக்கமாகவே நகரும் சாய்ந்த டெரெய்லரைச் சன்டூர் என்ற இன்னொரு கம்பெனி 1964-லேயே கண்டுபிடித்தது. அந்தக் காப்புரிமை தீர்ந்து மற்றவர்களும் அதைப் போட முடிந்ததும் அதே 1984-ல்தான். நாம் மூன்று கடையில் மூன்று சாமான் பொறுக்கி, ஒன்றாக ஓடு என்கிறோம்.

முத்தியால்பேட்டை ஆள்:

அப்பு அண்ணா, உதிரி வீல் வைத்துப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் ஒரு விரல் உள்ளே வந்திருந்தது! பாயும் நானும் நெம்பிச் சரிசெய்தோம். இப்போது டெரெய்லரில் அவுட்டர் நுழையும் வாயில் உள்ள திருகை வெளியே கால் சுற்று விட்டதும் முனகலும் நின்றுவிட்டது.

நேற்று சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு பெரியப்பாவை ஓட்டச் சொன்னேன். காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை போய்த் திரும்பினார். வலது லீவரை ஏழு பல்லுக்கும் தள்ளிப் பார்த்திருக்கிறார். இறங்கியதும் ஒன்றும் சொல்லாமல், லீவர் நடுவிலிருந்த வளையத்தைத் திருகி ஃப்ரிக்‌ஷனுக்கு மாற்றிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார். இடது லீவரை மாற்றும் பேச்சை இப்போதைக்கு எடுக்கப் போவதில்லை.